மாவட்ட அரசுப் பள்ளிகளுக்குப் பத்தாண்டுத் திட்டம் – தேவையா, வீண் காகிதமா?

தெற்குவாசல்:
ஒவ்வொரு வருடமும் மத்திய, மாநில நிதியில் நடக்கும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா ஆண்டுத் திட்டம் எப்படித் தயாராகிறது? யூடைஸ் (பள்ளிகளின் தேசியத் தரவுத்தளம்) எண்களை எடுத்து, போன வருட அட்டவணையில் திருத்திப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 1.4. அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் 2025-26இல் ஒன்றாம் வகுப்பு, 2030-31இல் ஆறாம் வகுப்பு, 2034-35இல் பத்தாம் வகுப்பு. பிறந்துவிட்ட பிள்ளைகளைத்தான் சொல்கிறேன், இதில் ஜோசியம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் ஊரில் நான்கு வகுப்பறைக் கட்டடம் எழும்புகிறது. மாவட்டத்துக்குப் பத்தாண்டுத் திட்டம் கட்டாயம் வேண்டும்.

மேலத்தெரு:
மாவட்டத்தின் கையில் என்ன இருக்கிறது சார்? நியமனம் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக. மாறுதல் கலந்தாய்வு விதிகளை மாநிலம் போடுகிறது. நிதியில் மத்திய, மாநிலப் பங்கு 60:40. பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடாததால் 2024-25க்கான சமக்ர சிக்‌ஷா மத்தியப் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், அந்த ஆண்டில் வரவில்லை. எந்தப் பத்தாண்டுத் திட்டம் அதைக் கணித்திருக்கும்? ஓய்வு வயது 2020இல் 59, 2021இல் 60 ஆனது. 2018இல் ஒருவர் காலிப்பணியிடப் பட்டியல் போட்டிருந்தால் இரண்டு வருடம் தள்ளிப்போயிருக்கும். கல்வி உரிமைச் சட்டம் 22ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழு போடும் வளர்ச்சித் திட்டம் மூன்றாண்டுக்கானது. வருடத்துக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்கள். முதலில் அதை ஒழுங்காகப் போடட்டும்.

தெற்குவாசல்:
ஓய்வு வயது மாறினால் பட்டியலை இரண்டு வருடம் நகர்த்தினால் போதும், பிறந்த தேதி மாறப்போவதில்லை. நிதி நின்றதுதான் உங்கள் வாதம் என்றால் மூன்றாண்டுத் திட்டமும்தானே அடிபட்டது?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேருக்கும் முன்னால் வரும் கேள்வி, ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையை எதை வைத்துக் கணிப்பது. பிறப்புப் பதிவேடு என்பார்கள். அங்கேதான் முதல் தவறு. பிறப்பு, பிரசவம் நடந்த இடத்தில் பதிவாகிறது. அரசு மருத்துவமனை உள்ள நகராட்சியில் எண் வீங்கித் தெரியும், சுற்றுக் கிராமங்களில் பிறப்பே இல்லாததுபோல இருக்கும். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் வேறு. கிராம சுகாதார செவிலியரின் பிக்மி (கர்ப்பிணிகள், குழந்தைகள்) பதிவு கொஞ்சம் பரவாயில்லை. அதைவிட நம்பலாம் அங்கன்வாடியின் மூன்று வயதுக் கணக்கெடுப்பு: பிள்ளை எந்த ஊரில் வளர்கிறதோ அந்த ஊரில் அதன் பெயர் இருக்கும்.

மேல்வகுப்புகளுக்கு வகுப்பேற்ற விகிதம். உதாரணமாக, ஒரு ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளில் போன வருடம் ஐந்தாம் வகுப்பில் 412 பேர், இந்த வருடம் ஆறாம் வகுப்பில் 371 பேர் என்றால் விகிதம் 0.90. ஒவ்வொரு வகுப்புக்கும் இப்படிப் போட்டு மூன்று வருடச் சராசரி எடுக்க வேண்டும். ஆனால் 2020-21, 2021-22 எண்களைக் கலக்கக் கூடாது. கொரோனாவில் தனியார் பள்ளிகளிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதி பிறகு திரும்பிப் போய்விட்டது. அந்த வருடங்களைச் சேர்த்தால் இல்லாத பிள்ளைகளுக்கு வகுப்பறை கட்டுவீர்கள்.

மேலத்தெரு:
இந்தக் கணக்கு ஒன்றிய அளவில் நிற்கும். பள்ளி அளவில்? கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணயம். ஒரு குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் மூன்றாவது ஆசிரியர் உபரி, அடுத்தது பணிநிரவல், அதாவது வேறு பள்ளிக்கு மாற்றம். பத்து வருடம் தள்ளி இதைச் சொல்வீர்களா?

கணக்குப்பிள்ளை:
சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கணிப்பைக் குறுவள மைய (பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்த தொகுப்பு) அளவோடு நிறுத்தணும். பள்ளி அளவில் ஒரு பட்டியல் போதும்: 50க்கும் 70க்கும் இடையில் நிற்கும் பள்ளிகள் எவை. ஆகஸ்டில் சிக்கல் அங்கேதான் வரும்.

செங்கல்:
ஆசிரியரை மூன்றாண்டில் பார்க்கலாம், கட்டடத்தை முடியாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறை வசம், மேல்நிலைப் பள்ளிக்குப் பொதுப்பணித் துறை. இரண்டு பக்கமும் தனித்தனிக் கோப்பு. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான கட்டடங்களை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இடிக்க ஒரு அனுமதி, கட்ட வேறொரு அனுமதி என்றால் நடுவில் பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் உட்கார வேண்டியதுதான். நீண்டகாலத் திட்டம் வேறு எதற்கும் உதவாவிட்டாலும் இதற்கு உதவும்: உறுதிச் சான்று கிடைக்காத கட்டடம், அந்தக் குறுவள மையத்தின் 2035 மாணவர் கணிப்பு, இடிப்புக்கும் கட்டுமானத்துக்கும் ஒரே கோப்பு.

மேலத்தெரு:
கட்டட விஷயத்தில் சரி. என் பயம் வேறு. பத்தாண்டுத் திட்டம் என்றால் கடைசிப் பக்கத்தில் 'இணைக்கத்தக்க பள்ளிகள்' என்று ஒரு பட்டியல் வரும். பெயர் வெளியே தெரிந்த அன்றைக்கே பெற்றோர் டிசி கேட்பார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் இறங்கும், "பார்த்தீர்களா, சொன்னபடியே ஆச்சு" என்பார்கள்.

தெற்குவாசல்:
ஓராசிரியர் ஐந்து வகுப்பு நடத்துவதைவிட இணைப்பு மேல். தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி மீறினால் போக்குவரத்துப் படி உண்டு.

மேலத்தெரு:
படி எவ்வளவு சார்? ஒரு பிள்ளைக்கு வருடம் 6,000 ரூபாய் வரை. 220 நாளுக்கு வகுத்தால் போகவர 27 ரூபாய். நான்கு பிள்ளைகள் உள்ள குக்கிராமத்துக்கு தினமும் 108 ரூபாய்க்கு, காலையும் மாலையும், ஆட்டோ வருமா? இணைப்பை எழுதுபவர் அந்த ஆட்டோ யார், பணம் எந்த மாதம் வரும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதட்டும்.

கணக்குப்பிள்ளை:
பணம் தாமதமாகத்தான் வரும், அதனால் முதல் மூன்று மாதச் செலவை எந்தத் தலைப்பில் எடுப்பது என்றும் எழுதணும். பள்ளி மானியத்தில் கை வைக்க முடியாது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு அதுவே வருடம் 10,000தான், அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு.