எமோஷனல் சப்போர்ட் அனிமல்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருக்கும் தமிழர்களுக்கான கையேட்டு வரைவில் எமோஷனல் சப்போர்ட் அனிமலை, அதாவது மனநலக் குறைபாடு உள்ளவருக்கு உடனிருந்தே ஆறுதல் தரும் பிராணியை, 'உணர்ச்சி ஆதரவு விலங்கு' என்று எழுதியிருக்கிறது. படிக்கும்போது இடறுகிறது. பேசாமல் 'செல்லப்பிராணி' என்றே விட்டுவிடலாமா?

மடல் 2

அப்படி விட்டால் கையேடு போடுவதே வீண், ஐயா. அது செல்லப்பிராணி அல்ல என்பதில்தான் உரிமை முழுவதும் நிற்கிறது. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் 1968ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் 1988 திருத்தம் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தது. ஒப்பந்தத்தில் 'பெட் கூடாது' என்று இருந்தாலும், தேவையுள்ளவருக்காக வீட்டுக்காரர் அந்த விதியைத் தளர்த்த வேண்டும். பெட் டெபாசிட்டும் மாதாமாதம் பெட் ரென்ட்டும் கேட்கக் கூடாது. நாய் கதவைப் பிறாண்டி வைத்தால் பழுதுச் செலவை வழக்கமான முன்பணத்தில் கழிக்கலாம், அது வேறு.

சர்வீஸ் அனிமலோடும் இதைக் குழப்பக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஏடிஏ என்ற அமெரிக்கச் சட்டத்தில் அது குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கிய நாய். குட்டைக் குதிரைக்குத் தனி விதி உண்டு. சர்வீஸ் அனிமல் கடை, உணவகம் எங்கும் வரலாம். நாம் பேசும் எமோஷனல் சப்போர்ட் அனிமலுக்குப் பயிற்சி தேவையில்லை, ஏடிஏ தரும் கடை உரிமையும் இல்லை. விமான நிறுவனங்களும் 2021 ஜனவரி முதல் அதைச் செல்லப்பிராணியாகவே நடத்தலாம். ஆக சர்வீஸ் அனிமலுக்குப் 'பணி விலங்கு', இதற்கு 'மனத்துணை விலங்கு', இரண்டையும் அடக்கும் அசிஸ்டன்ஸ் அனிமலுக்கு 'உதவி விலங்கு'. 'ஆதரவு' வேண்டாம், கேட்டாலே தேர்தல் கூட்டணிதான் நினைவுக்கு வருகிறது.

மடல் 3

'மனத்துணை' நன்று. 'விலங்கு'தான் உதைக்கிறது. கிளி வளர்ப்பவர் என்ன செய்வார்? பறவையை நாம் விலங்கு என்பதில்லை. அமெரிக்க வீட்டுவசதித் துறையான ஹட் 2020 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், வழக்கமாக வீட்டில் வளர்ப்பவை என்று நாய், பூனையோடு சிறு பறவை, முயல், மீன், ஆமை எல்லாம் இருந்தன. மூன்று சொல்லிலும் 'பிராணி' என்றே போடலாம்.

அதைவிடப் பெரிய கோளாறு வரைவின் அடுத்த பக்கத்தில். ரீசனபிள் அக்காமடேஷனை 'நியாயமான இடவசதி' என்று எழுதியிருக்கிறார்கள்! படிப்பவர் கூடுதலாக ஓர் அறை கேட்கச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். சட்டத்தில் அது விதிகளிலும் நடைமுறையிலும் சேவையிலும் செய்யும் மாற்றம். சாய்தளம் கட்டுவது, கைப்பிடி பொருத்துவது போன்றவை மாடிஃபிகேஷன் என்ற வேறு தலைப்பில் வரும். முன்னதற்குத் 'தக்க விதித்தளர்வு', பின்னதற்குத் 'தக்க கட்டட மாற்றம்' என்று பிரித்தால் குழப்பம் இராது.

மடல் 4

விதித்தளர்வு எனக்கு முழுச் சம்மதம், அம்மா. கையேட்டில் ஒன்றை மறக்க வேண்டாம்: விதித்தளர்வு கேட்கும் கடிதம் வீட்டுக்காரரிடம் போவதால் ஆங்கிலப் பெயரும் அருகில் இருக்க வேண்டும்.

மருத்துவரோ மனநல ஆலோசகரோ தரும் கடிதத்தில் இரண்டு செய்தி போதும்: இவருக்கு அன்றாட வாழ்வைப் பாதிக்கும் குறைபாடு உண்டு, அதற்கு இந்தப் பிராணி தேவை. நோயின் பெயர் எழுத வேண்டியதில்லை. பலர் ஏமாறுவது இணையத்தில் காசு கட்டி வாங்கும் 'பதிவுச் சான்றிதழ்', அடையாள அட்டை, நாய்க்கு மாட்டும் மேலங்கி இவற்றில்தான். அரசுப் பதிவேடு என்று ஒன்று கிடையவே கிடையாது. கலிஃபோர்னியாவில் நாய்க்கான கடிதம் என்றால், எழுதுபவரிடம் குறைந்தது 30 நாளாவது சிகிச்சைத் தொடர்பு இருந்திருக்க வேண்டும் (2022 முதல்).

விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளட்டும். வாய்ப்பேச்சும் செல்லும், ஆனால் பின்னால் காட்ட ஒன்றும் இராது. உரிமையாளரே குடியிருக்கும், நான்கு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கு ஃபேர் ஹவுசிங் என்ற இந்த மத்தியச் சட்டம் பொருந்தாது. மாநிலச் சட்டத்தைத் தனியே பார்க்க வேண்டும். அந்த நாயே ஆட்களைக் கடிக்கும் என்று காட்ட முடிந்தால் மறுக்கலாம். காரணமின்றி மறுத்தால் ஹட்டிடம் ஓராண்டுக்குள் புகார், நீதிமன்றத்தில் ஈராண்டுக்குள் வழக்கு.

மடல் 5

அப்படியானால் மனத்துணைப் பிராணி, பணிப் பிராணி, உதவிப் பிராணி, தக்க விதித்தளர்வு. வரைவைத் திருத்திவிடுகிறேன். ஒற்று மிகுமா என்று யாராவது ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.