நாஜிக் காலத்தில் உயிர் காத்தவர்கள், உயிர் தப்பியவர்கள்: நீங்கள் நேரில் பார்த்த இடத்தைச் சொல்லுங்கள்

பெர்லின்வாசி

எங்கள் கட்டடத்தின் வாசலில் நடைபாதையோடு மூன்று பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் சதுரம். ஜெர்மனில் ஸ்டோல்பர்ஷ்டைன் என்பார்கள், இடறுகல் என்று பொருள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை. இன்று ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி பெயர், பிறந்த ஆண்டு, எப்போது எங்கே கொண்டுபோனார்கள் என்பது வரை நாலைந்து வரிதான். எங்கள் வாசலில் இருப்பது அப்பா, அம்மா, ஒரு பெண் குழந்தை. குழந்தை பிறந்தது 1936. மூவரையும் 1943 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

என் மகளுக்கும் இப்போது ஏழு வயது. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்பா, இவங்களை யாருமே ஒளிச்சு வைக்கலையா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஒளித்து வைத்தவர்களும் இருந்தார்கள் என்றாவது காட்டலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோசன்தாலர் தெரு 39ஆம் எண்ணுக்குக் கூட்டிப் போனேன்.

சுவரெல்லாம் ஓவியம் கிறுக்கிய ஒரு குறுகலான முற்றம். படியேறினால் ஓட்டோ வைட் என்பவருடைய பிரஷ், துடைப்பப் பட்டறை. பெரும்பாலும் அன்றிருந்தபடியே விட்டு வைத்திருக்கிறார்கள். வைட் முதலில் சுவருக்குத் தாள் ஒட்டும் தொழிலாளி. பார்வை மங்கிப்போனதால் பிரஷ் கட்டக் கற்றுக்கொண்டவர். பட்டறையில் அவர் வேலைக்கு வைத்துக்கொண்டது பெரும்பாலும் கண் தெரியாத, காது கேளாத யூதர்களை. ராணுவத்துக்குப் பிரஷ் கொடுக்கிறோம், போருக்கு இது அவசியமான தொழில் என்று சான்று வாங்கி வைத்திருந்தார். நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் ஆட்களுக்கு லஞ்சமும் கொடுத்தார். 1942இல் ஒருமுறை அவருடைய தொழிலாளர்களைப் பிடித்து குரோசே ஹாம்பர்கர் தெருவிலிருந்த முகாமில் அடைத்துவிட்டார்கள். அவரே அங்கே போய்ப் பேசி, அத்தனை பேரையும் திரும்ப அழைத்து வந்தார். வெள்ளைக் கோல்களோடு பார்வையற்றவர்கள் அந்தத் தெருவழியாகத் திரும்பி நடந்து வருவதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். இன்றைக்கு அந்தத் தெருவில் காபிக் கடையும் துணிக்கடையுமாக இருக்கிறது.

பட்டறையின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. வாசலை மறைத்து ஓர் அலமாரியை நிறுத்தி, அதன் முதுகுப் பலகையைக் கழற்றி வழி செய்திருந்தார். உள்ளே சாயிம் ஹோர்ன், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். சுமார் ஒன்பது மாதம். பகலில் அடுத்த அறையில் வேலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இவர்கள் சத்தமே போடக் கூடாது. ஒருவன் காட்டிக் கொடுத்ததில் 1943 அக்டோபரில் பிடிபட்டார்கள். நால்வரும் திரும்பவில்லை.

அந்த அறையில் என் மகள் என் கையை விடவே இல்லை. இது நான் நினைத்துப் போன பதில் இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் வேலை செய்த ஆலிஸ் லிக்ட் என்ற இளம்பெண்ணின் கதையும் அங்கே இருந்தது. அவளும் பெற்றோரும் பிடிபட்டு தெரேசியன்ஸ்டாட் என்ற முகாமுக்குப் போய், 1944 மே மாதம் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார்கள். ஓடும் ரயிலிலிருந்து அவள் ஒரு தபால் அட்டையை வெளியே வீசினாள். அதை யாரோ எடுத்துத் தபாலில் சேர்த்தார்கள். வைட் கைக்கு அது வந்து சேர்ந்தது. கண் சரியாகத் தெரியாத, அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் ரயிலேறி ஆஷ்விட்ஸ் பக்கமே போய்விட்டார்! அவளை கிறிஸ்டியான்ஸ்டாட் என்ற வேலை முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அங்கேயும் போய், பக்கத்தில் ஓர் அறை எடுத்து, அவளுக்கு உடையும் மருந்தும் பணமும் வைத்துவிட்டு வந்தார். 1945 ஜனவரியில் கைதிகளை நடத்திக்கொண்டு போனபோது அவள் தப்பி பெர்லின் வந்து சேர்ந்தாள்.

இது மாதிரி நீங்கள் நேரில் போய்ப் பார்த்த இடம் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். மகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

டிராம்14

அண்ணா, ஆம்ஸ்டர்டாமில் 14ஆம் எண் டிராமில் தினமும் வேலைக்குப் போகிறேன். பிளாண்டாஜ தெருவைத் தாண்டும்போது ஒரு பக்கம் பழைய நாடகக் கொட்டகையின் முகப்பு வரும். நாஜிகள் யூதர்களைப் பிடித்து, ரயிலேற்றும் வரை அடைத்து வைத்த இடம் அது. கொட்டகைக்குள் கைக்குழந்தைகளின் அழுகையைப் பொறுக்காமல், சிறுபிள்ளைகளை மட்டும் எதிர்ச்சாரியிலிருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு மாற்றினார்கள். நடுவே ஓடியது டிராம் தண்டவாளம்தான்.

காப்பகத்தின் பொறுப்பாளர் ஹென்ரியெட்டா பிமென்டல். கொட்டகையில் பதிவேட்டு வேலை பார்த்தவர் வால்டர் சுஸ்கிண்ட். இருவரும் யூதர்களே, அதைக் கவனியுங்கள். சுஸ்கிண்டும் அவருடைய சக ஊழியரும் குழந்தையின் அட்டையைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் கணக்கில் அந்தக் குழந்தை இல்லை. பக்கத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அதன் தலைவர் யோஹான் வான் ஹுல்ஸ்ட். இரண்டுக்கும் இடையே பின்புறத் தோட்டத்து வேலிதான். வேலிக்கு மேலாகக் குழந்தைகள் கைமாறும். துணிக்கூடையிலும் உருளைக்கிழங்கு மூட்டையிலும் முதுகுப்பையிலும் வெளியே போகும். முன்வாசல் வழியாகப் போக வேண்டுமென்றால் டிராம் வரும்வரை காத்திருப்பார்கள். எதிர்ப்பக்கக் காவலாளிக்கும் இவர்களுக்கும் நடுவில் டிராம் வந்து நிற்கும் அந்தச் சில நொடியில் குழந்தையோடு இறங்கி நடந்துவிட வேண்டும். இப்படிச் சுமார் 600 குழந்தைகள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நிறுத்தத்தில் டிராம் நிற்கும்போது என்னால் போனைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நொடிகளை எண்ணுகிறேன். நிஜமாகவே கொஞ்ச நேரம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் சம்மதித்தால்தான் குழந்தையை வெளியே கொண்டுபோவார்கள். சம்மதித்த தாய், ரயிலேறும் நாளில் காவலாளி கணக்குக் கேட்டால் காட்டுவதற்குத் துணியில் சுற்றிய ஒரு பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். எனக்கு ஒன்றரை வயதில் பையன் இருக்கிறான். இந்த வரியை எழுத இரண்டு நாள் ஆனது.

பிமென்டலை 1943இல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். சுஸ்கிண்டும் அவர் மனைவியும் மகளும் போர் முடிவைப் பார்க்கவில்லை.

லண்டன்_மாமி

லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்கும் குழந்தைகளின் சிலை இருக்கிறது. போருக்கு முன்பு நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டன் வந்து சேர்ந்த சுமார் 10,000 பிள்ளைகளுக்காக வைத்தது. பிராகிலிருந்து 669 பேரை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்த நிக்கோலஸ் வின்டனைப் பலருக்கும் தெரியும். ஒரு பிள்ளைக்கு 50 பவுண்டு பிணைத்தொகை கட்ட வேண்டும் என்பதும், 250 பிள்ளைகள் ஏற வேண்டிய கடைசி ரயில் 1939 செப்டம்பர் 1ஆம் தேதி போர் தொடங்கிவிட்டதால் கிளம்பவே இல்லை என்பதும் அவ்வளவாகத் தெரியாது. சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 250தான் ஞாபகம் வருகிறது.

வடமராட்சியான்

தம்பி, நான் டென்மார்க்கில் இருக்கிறேன். 1986இல் வந்தனான். ஓய்வு பெற்ற பிறகுதான் கிலலாய என்ற மீன்பிடித் துறைக்குப் போய்ப் பார்க்கக் கிடைத்தது.

1943 செப்டம்பர் கடைசியில், யூதர்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற சேதியை ஜெர்மன் தூதரகத்திலிருந்த டுக்விட்ஸ் என்பவரே டேனிஷ் தலைவர்களிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலை கோபன்ஹேகன் தொழுகைக்கூடத்தில் யூத மதகுரு ராபி மெல்கியோர் பூசையை நிறுத்தி, வீட்டுக்குப் போகாதீர்கள், ஒளிந்துகொள்ளுங்கள் என்று சனத்துக்கு அறிவித்தார். அடுத்த சில வாரத்தில் 7,000க்கு மேற்பட்ட யூதர் மீன்பிடி வள்ளங்களில் சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஹெல்சிங்கோரில் ஒரு புத்தகம் கட்டுகிறவர், ஒரு பத்திரிகையாளர், ஒரு பொலிஸ்காரர் என்று சிலர் சேர்ந்து 'தையல் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஆட்களைக் கடத்தினார்கள். வள்ளத்தைச் சோதிக்க வரும் நாய்களின் மோப்பத்தைக் கெடுக்க, உலர்ந்த இரத்தமும் கொக்கைனும் கலந்த பொடியைத் துணியில் தடவி வைத்திருந்தார்கள்.

மீன்பிடிகாரர் சிலர் கனக்கக் காசு வாங்கினார்கள். இதைச் சொல்லி அவர்களைக் குறைவாகப் பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. நானும் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, அம்மாவின் தாலிக்கொடியை விற்று எல்லை கடந்து வந்தவன்தான். பிடிபட்டால் வள்ளமும் போகும், ஆளும் போவான். காசு வாங்கினவனும் அந்த இரவில் கடலுக்குப் போனான் அல்லவா? காசில்லாத சனத்துக்காகப் பொதுவில் காசு சேர்த்தும் கொடுத்திருக்கிறார்கள்.

கிலலாயவில் தேவாலயத்தின் பரண் இருக்கிறது. வள்ளத்துக்குக் காத்திருந்த சுமார் 80 பேரை ஊர்ச்சனம் அங்கே ஏற்றி ஒளித்து வைத்தது. அக்டோபர் 6 இரவு கெஸ்டபோ தேவாலயத்தைச் சுற்றி வளைத்து, ஏறக்குறைய எல்லாரையும் பிடித்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் கடல் கிட்டத்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே இருந்தவர்களுக்கு அலைச் சத்தம் கேட்டிருக்கும்.

வார்சா_மாணவி

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். வடமராட்சி ஐயா எழுதியதை இரண்டு தடவை. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. டிராம் அக்காவைத் தவிர நாம் எல்லாரும் காப்பாற்றினவர்களையே பேசுகிறோம். ஒளிந்திருந்தவர்கள் சும்மா உட்கார்ந்து காத்திருந்த மாதிரி ஆகிவிடுகிறது. அண்ணா, உங்கள் கதையிலேயே ஆலிஸ் தபால் அட்டையை வீசியிருக்காவிட்டால் வைட்டுக்கு எங்கே போவது என்றே தெரிந்திருக்காது. நடைப்பயணத்தில் தப்பி ஓடியதும் அவள்தான்.

நான் பார்த்தது ஒரு பால் கேன். வார்சாவில் த்வொமாத்ஸ்கியே தெருவில் யூத வரலாற்று நிறுவனத்தில் வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த, சாதாரணப் பால் கேன். யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ பகுதிக்குள் இம்மானுவேல் ரிங்கல்ப்ளும் என்ற வரலாற்றாசிரியர் ரகசியக் குழு ஒன்று நடத்தினார். தங்களுக்கு நடப்பதைத் தாங்களே எழுதி வைக்க வேண்டும், கொல்கிறவன் எழுதுவது வரலாறாகிவிடக் கூடாது என்பதற்காக. ரேஷன் அட்டை, மிட்டாய்க் காகிதம், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை என எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 1942 ஆகஸ்டில், தெருத்தெருவாக ஆட்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்த நாள்களில், நோவோலிப்கி தெருப் பள்ளியின் நிலவறையில் பத்து உலோகப் பெட்டிகளைப் புதைத்தார்கள். புதைத்தவர்களில் ஒருவன் தாவித் கிராபர். வயது 19. உலகத்துக்குக் கத்திச் சொல்ல முடியாததை மண்ணுக்குள் புதைத்துவிட்டோம் என்ற பொருளில் கடைசியாக ஒரு குறிப்பு எழுதி உள்ளே போட்டான். அவன் பிழைக்கவில்லை.

சுமார் 60 பேர் கொண்ட குழுவில் மிஞ்சியது மூன்று பேர். பெட்டி எங்கே என்று சொல்ல ஹெர்ஷ் வாசர் உயிரோடு இருந்ததால்தான் 1946இல் இடிபாட்டைத் தோண்டி எடுத்தார்கள். அதன் பிறகு இரண்டாவதாகப் புதைத்த பால் கேன்கள் இரண்டும் கிடைத்தது 1950இல். மூன்றாவதாகப் புதைத்தது இன்னும் கிடைக்கவில்லை.

அண்ணா, இன்னொன்று. உங்கள் வாசல் கல்லில் 1943 அக்டோபர் என்று இருக்கிறது இல்லையா? பெர்லினில் யூதர் யாரும் இல்லை என்று அந்த ஜூன் மாதமே அறிவித்துவிட்டார்கள். யூதர் அல்லாதவரைத் திருமணம் செய்தவர்கள் போன்ற சிலர்தான் வெளிப்படையாக இருக்க முடிந்தது. முழு யூதக் குடும்பம் ஒன்று அக்டோபர் வரை அங்கே இருந்திருக்கிறது என்றால், அவர்கள் ஒளிந்திருந்திருக்கலாம். ஹோர்ன் குடும்பம் பிடிபட்டதும் அதே மாதம்தானே?

பெர்லின்வாசி

தங்கச்சி, உன் பதிவை வாசித்துவிட்டு உடனே கீழே இறங்கிப் போய் டார்ச் அடித்துத் தேதியை மறுபடி பார்த்தேன். அக்டோபர்தான். தினமும் மிதிக்காமல் தாண்டிப் போகிறேன், இது தோன்றவே இல்லை.

உறுதியாகத் தெரியாமல் மகளிடம் எதையும் சொல்லப் போவதில்லை. பாட் ஆரோல்சனில், நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆவணங்கள் இருக்கும் காப்பகத்துக்கு மூன்று பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். 1938இல் நாஜிகள் யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் உடைத்த நாளான நவம்பர் 9 அன்று இங்கே பலரும் இந்தக் கற்களைத் துலக்கி மெழுகுவத்தி வைப்பார்கள். நாங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. நேற்றே பழைய பல்துலக்கியும் பித்தளைப் பாலிஷும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தோம். குழந்தையின் கல்லை அவள்தான் தேய்த்தாள். காப்பகத்திலிருந்து பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.