பி.ஏ. எகனாமிக்ஸ் முதல் வருஷம்: உங்களுக்குப் பாடம் மண்டையில் ஏறிய இடம் எது?

கவுன்சிலிங் முடிந்து பி.ஏ. எகனாமிக்ஸில் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகள் நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: முதல் வருஷம் என்னதான் சொல்லித் தருவார்கள்? தலைப்புகளை ஒப்பித்துவிடலாம். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, உற்பத்திச் செலவு, சந்தை வகைகள், கூடவே புள்ளியியல், அப்புறம் தமிழ், இங்கிலீஷ் பேப்பர்கள். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, பிளஸ் ஒன்னில் படித்ததே திரும்ப வருகிற மாதிரிதான் தெரியும். எனக்கும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் போனது. ஒரே ஒரு அசைன்மென்ட்டில் எல்லாம் மாறியது. அதைச் சொல்கிறேன், நீங்களும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

எங்கள் வீடு திருவல்லிக்கேணி. அம்மா கோயில் பக்கம் பூ விற்கிறார். நான் தமிழ் மீடியம், காமர்ஸ் குரூப். தேவை விதி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: பிற நிலைகள் மாறாதிருக்கும்போது விலை குறைந்தால் தேவை கூடும், விலை கூடினால் தேவை குறையும். அதில் 'பிற நிலைகள் மாறாதிருக்கும்போது' என்ற முதல் மூன்று சொற்களை, கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' எழுதுவது போல, வழக்கத்துக்காகப் போடுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

மேடம் கொடுத்த வேலை இதுதான். ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், முப்பது நாள் அதன் விலையையும் விற்ற அளவையும் குறித்து வாருங்கள், கிராப் ஷீட்டில் புள்ளி வைத்துத் தேவைக் கோடு வரையுங்கள். நான் மல்லியை எடுத்தேன். தினமும் ராத்திரி அம்மா சில்லறையை எண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு முழம் என்ன விலை, எத்தனை முழம் போனது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஆடி பாதியில் ஆரம்பித்தேன், ஆவணி பாதியில் முடிந்தது.

கிராப் போட்டால் கோடு மேலே ஏறுகிறது! முழம் இருபது ரூபாய்க்குப் போன நாளில் அறுபது முழம், ஐம்பது ரூபாய்க்குப் போன நாளில் தொண்ணூறு முழம். விலை ஏற ஏற விற்பனையும் ஏறுகிறது. புத்தகத்தில் அப்படியே தலைகீழாக இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கிளாஸ் தோழி ஒருத்தி, நம்பரை மாற்றிப் போட்டுவிடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள். அம்மா கால் கடுக்க நின்று விற்ற கணக்கு அது, எனக்கு மாற்ற மனசு வரவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேடம் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். தப்பு என்று சொல்லவில்லை. பென்சிலை என் கையில் கொடுத்து, "ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலயும் தேதி எழுது" என்றார். எழுதினேன். "இந்த அஞ்சு புள்ளியும் என்ன நாள்?" முகூர்த்தம், மேடம். "இது?" ஆடி வெள்ளி. "அப்ப அன்னைக்கு விலை மட்டுமா மாறுச்சு? வேற என்ன மாறுச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பூ வேண்டும் என்று ஜனங்கள் வந்ததால்தான் விலையே ஏறியது. விலை ஏறியதால் யாரும் வரவில்லை. சாதாரண நாட்களை மட்டும் தனியாகப் பிரித்தேன், பதினொன்று தேறியது. அந்த நாட்களில் விலை ஏறி இறங்கியதற்குக் காரணம் வேறு: நிலக்கோட்டைப் பக்கம் மழை என்றால் கோயம்பேட்டுக்கு வரத்து குறையும், மொத்த விலை ஏறும், அம்மாவும் ஏற்றுவார். அந்தப் பதினொரு புள்ளியையும் சேர்த்தால் கோடு அழகாகக் கீழே இறங்கியது. முகூர்த்தப் புள்ளிகள் எல்லாம் அதற்கு வலப்பக்கம் தள்ளி நின்றன. விலையால் ஒரே கோட்டின் மீதே நகர்வது வேறு, கோடே இடம் பெயர்வது வேறு. பிளஸ் ஒன்னில் இரண்டு மார்க்குக்கு எழுதிய வித்தியாசம் இது, என் தாளிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் கேட்டார்: "எல்லா நாளும் ஒரே முழம்தானா?" அம்மாவிடம் கேட்டேன். பூ விலை ஏறின நாளில் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டுவேன், இல்லையென்றால் கட்டுப்படியாகாது என்றார். அதாவது கை அளவு அதே முழம்தான், அதில் இருக்கும் மொட்டு குறைவு. விலை நான் எழுதியதைவிட அதிகமாகவே ஏறியிருக்கிறது. நான் எதை எண்ணினேனோ அதுவே மாறியிருக்கிறது. இதை மேடமிடம் சொன்னபோது அவர் கிளாஸையே நிறுத்தி எல்லோருக்கும் சொல்லச் சொன்னார்.

அப்புறம்தான் மார்ஷல் கதை வந்தது. ஆல்பிரட் மார்ஷல், 1890ல் தன் பெரிய நூலை வெளியிட்ட இங்கிலாந்துப் பொருளியலாளர். ஒரே நேரத்தில் பத்துக் காரணங்கள் அலையும்போது ஒன்றை மட்டும் பார்ப்பது எப்படி? மற்றவற்றை மாட்டைப் பிடித்து அடைப்பது மாதிரி கொஞ்ச காலத்துக்கு ஒரு கொண்டித்தொட்டியில் அடைத்துவை, பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடு என்றார். அந்தத் தொட்டிக்குப் பெயர்தான் 'பிற நிலைகள் மாறாதிருக்கும்போது'. நான் முகூர்த்தத்தைத் தொட்டியில் அடைக்காமலே கோடு போட்டிருக்கிறேன். விலையைச் செங்குத்து அச்சில் போடும் பழக்கமும் மார்ஷலால் நிலைத்ததுதான். கணக்குப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது முதலில் குழப்பும், பயப்படாதீர்கள்.

அதிலிருந்து எந்தச் செய்தியைப் பார்த்தாலும் 'வேற என்ன மாறுச்சு?' என்ற மேடத்தின் கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் என்பது 2021 மே 8ல் வந்தது. மே 10ல் முழு ஊரடங்கு, பஸ்ஸே ஓடவில்லை. அந்த மாதத்தில் பஸ் ஏறிய பெண்களின் எண்ணிக்கையை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டு ஒருத்தர் கோடு போட்டால், இலவசம் கொடுத்ததால் பயணம் குறைந்தது என்று வரும். யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், ஊரடங்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாத ஊரடங்குகள் எத்தனை எத்தனை புள்ளிவிவரத்துக்குள்ளே ஒளிந்திருக்கின்றன!

சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

* * *

வில்லிவாக்கத்திலிருந்து:

அக்கா, எனக்கு அது தண்ணீரில் நடந்தது. நான் காலேஜ் சேர்ந்தது 2019 ஜூனில். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் காய்ந்து கிடந்த வருஷம். எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் லாரிக்கு ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். ஜூலை 12ல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் எங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்தது, ஐம்பது வேகன். நாங்கள் எல்லாம் போய்ப் பார்த்தோம். அங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் கொண்டுபோனார்கள்.

அந்த வாரம் வகுப்பில் நீர் வைரப் புதிர் நடத்தினார்கள். உயிருக்கே ஆதாரமான தண்ணீர் மலிவு, ஒன்றுக்கும் உதவாத வைரம் விலை அதிகம், ஏன் என்று 1776லேயே ஆடம் ஸ்மித் எழுதிவைத்த புதிர். விடை வர சுமார் நூறு வருஷம் ஆனது. 1871ல் இங்கிலாந்தில் ஜெவன்ஸ், அதே வருஷம் ஆஸ்திரியாவில் மெங்கர், 1874ல் வால்ரஸ். மூன்று பொருளியலாளர்களும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்தார்கள்: மொத்தத் தண்ணீரின் பயனை வைத்து விலை அமைவதில்லை, கடைசியாகச் சேரும் ஒரு குடத்தின் பயனை வைத்துத்தான் அமைகிறது. இதுதான் இறுதிநிலைப் பயன்பாடு.

சார் போர்டில் வரையும்போது எனக்கு எங்கள் வீட்டுக் குடங்கள்தான் கண்ணில் நின்றன. முதல் குடம் குடிக்க. இரண்டாவது உலை வைக்க. மூன்றாவது பாட்டிக்குக் குளிக்க. நான்காவது பாத்திரம். நல்ல வருஷத்தில் பத்தாவது குடம் வாசல் தெளிக்கப் போகும், அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? அந்த வருஷம் எங்களுக்கு மூன்றாவது குடத்தோடு முடிந்துவிட்டது, அதனால்தான் தனியார் லாரிக்காரர் கேட்ட விலையை அப்பா பேசாமல் கொடுத்தார். பட்டியலில் பயன்பாடு 10, 8, 6 என்று குறைந்துகொண்டே போகும் நம்பர்களுக்குப் பக்கத்தில் நான் நோட்டில் குடிக்க, உலைக்கு, பாட்டிக்கு என்று எழுதிவைத்தேன். பரீட்சையிலும் அதைத்தான் எழுதினேன்.

ஆனால் ஒன்று எனக்கு அப்போதும் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. விலை என்பது யாருக்கு எவ்வளவு தேவை என்று காட்டுகிறது என்றார்கள். எங்கள் தெருவில் லாரிக்குக் காசு கொடுக்க முடியாத வீடுகளிலும் தாகம் அதே தாகம்தான். பொருளியலில் 'தேவை' என்றால் விருப்பம் மட்டும் போதாது, வாங்கும் சக்தியும் சேர்ந்திருக்க வேண்டும். அந்த இலக்கணத்தை முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள், அதன் கனம் தெரிய ஒரு கோடைகாலம் ஆனது.

* * *

தாம்பரம் பக்கம், மூன்றாம் ஆண்டு:

கணக்குக்குப் பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். சராசரிச் செலவு, இறுதிநிலைச் செலவு (இன்னும் ஒன்று கூடுதலாகச் செய்ய ஆகும் செலவு) என்று இரண்டு வளைகோடு வரும், இறுதிநிலைக் கோடு சராசரிக் கோட்டை அதன் அடிமட்டத்தில் வெட்டும். ஏன் அங்கேயே வெட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை, வரைந்து மார்க் வாங்கிவிடுவார்கள். பேட்டிங் சராசரியை நினைத்துப் பாருங்கள். ஒருவருடைய சராசரி நாற்பது. இன்றைக்கு இருபதில் அவுட் ஆனால் சராசரி இறங்கும், எழுபது அடித்தால் ஏறும், சரியாக நாற்பது அடித்தால் அசையாமல் நிற்கும். இன்றைய ரன்தான் இறுதிநிலை. அசையாமல் நிற்கிற அந்த இடம்தான் அடிமட்டம். இது புரிந்த பிறகு நான் வகைக்கெழுவைப் பார்த்து ஒதுங்கவே இல்லை, அதுவும் 'இன்னும் ஒன்று கூட்டினால் என்ன ஆகும்' என்ற கேள்விதான்.

* * *

ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்:

முதலில் எழுதிய பெண்ணுக்கு. அம்மா, உங்கள் மேடம் செய்தது இந்த ஊரின் பழைய வழக்கம் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். இங்கிலாந்துப் பாடத்தை மட்டும் நடத்திவிட்டு அவர் நிற்கவில்லை. மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, என்ன கடன் என்று கேட்டு எழுதிவரச் சொன்னார். 1918ல் அது புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் எல்லாம் அப்படிப் பதிவான ஊர்கள். 1930களில் மறுபடி போய்ப் பார்த்தார்கள், அதற்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சொந்த ஊரைப் பற்றி மாணவர்கள் எழுதிய குறிப்பிலிருந்து கிராம ஆய்வு என்ற ஒரு துறையே இங்கே வேர் பிடித்தது. உங்கள் அம்மாவின் முப்பது நாள் கணக்கைத் தொலைத்துவிடாதீர்கள்.

* * *

திருவல்லிக்கேணி:

ஐயா, ரொம்ப நன்றி. ஸ்லேட்டர் பற்றி இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது.

எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று தனியாகக் கேட்டிருந்த தம்பிக்கு: காசு போட்டு வாங்க அவசரப்பட வேண்டாம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்தே படிக்கலாம். தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் இங்கிலீஷ் சொல் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்தில் பழகிவிடும். உங்களுக்குப் பாடம் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் புதிது.

இன்னொரு விஷயம் விட்டுப்போனது. ராத்திரி எட்டரைக்கு மேல் அம்மா முழத்தைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்துவிடுவார். வாங்கினதே பதினாலு, ஏன் நஷ்டத்துக்குக் கொடுக்கிறாய் என்று சின்ன வயதிலிருந்து சண்டை போட்டிருக்கிறேன். இரண்டாம் செமஸ்டரில் 'மூழ்கிய செலவு', அதாவது போட்டாகிவிட்ட, இனித் திரும்ப எடுக்க முடியாத செலவு, நடத்திய அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா நார் கிழித்துக்கொண்டே, "காலையில கொடுத்த காசு காலையோட போச்சு. வாடின பூவை நாளைக்கு யாரு வாங்குவா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த முழத்தைக் கட்ட ஆரம்பித்தார்.