பிரியஸ் 30: பாட் நிறைய மிச்சம் இருக்கு, டிஸ்க்தான் கறள். லேத்தில போடுறதா, மாத்துறதா?

கரையோரம்

வணக்கம். 2012 ரொயோட்டா பிரியஸ் ஹைபிரிட், 30 மொடல். பருத்தித்துறையில, கடலுக்குக் கிட்ட நிக்கிற கார். காலமை முதல் பிறேக் பிடிக்கேக்க "கர்ர்" எண்டு உரசுது. கொஞ்சத் தூரம் ஓடினால் முன்பக்கச் சத்தம் நிண்டுடும், பின்பக்கம் நிக்காது. 70இல வந்து கொஞ்சம் அழுத்திப் பிடிச்சால் ஸ்டியரிங் லேசா ஆடுது. ஆனால் பெடலில ஒண்டும் தெரியேல்லை.

சில்லைக் கழட்டிப் பாத்தால் முன் பாட் (டிஸ்க்கில அழுந்தி உரசுற துண்டு) 7 மி.மீ. இருக்கு. பின் டிஸ்க் வெளிமுகத்தில ஓரமா விரல் அகலத்துக்குக் கறள் வளையம். உள்முகம் முழுக்கக் கறள், தடவினால் சொரசொரப்பு. ஒரு கராஜில நாலையும் மாத்தச் சொல்லுகினம். மற்ற இடத்தில லேத்தில போட்டுச் சீவினால் காணுமாம். எது சரி? வீட்டிலயே செய்யலாமா, இல்லை ஹைபிரிட் எண்டதால ஏதும் வில்லங்கம் இருக்கா?

பதினாலாம் சாவி

ரெண்டு கராஜும் அளக்காமலே சொல்லியிருக்கினம். முதலில அளவு.

30 மொடலில முன் டிஸ்க் புதுசில 25 மி.மீ., 23க்குக் கீழ போனால் கழிவு. பின் டிஸ்க் 9 மி.மீ., எல்லை 7.5. டிஸ்க்கிலயே குறைந்தபட்சத் தடிப்புப் பொறிச்சிருக்கும், அதையும் பாருங்கோ. சாதாரண வேர்னியரை ஓரத்தில வைச்சு அளந்தால் தாடை கறள் வளையத்தில ஏறி நிண்டு, தேஞ்ச டிஸ்க்கையும் புதுசு மாதிரிக் காட்டும். மைக்ரோமீற்றரால விளிம்பில இருந்து ஒரு 10 மி.மீ. உள்ள, சுத்திவர எட்டு இடத்தில அளவுங்கோ. சராசரி எடுக்க அல்ல, வித்தியாசம் பாக்க. ஒரே டிஸ்க்கில இடத்துக்கு இடம் 0.02 மி.மீ. மாறினாலே ஸ்டியரிங் ஆட அது காணும். "டிஸ்க் வளைஞ்சு போச்சு" எண்டு சொல்லுறதில பெரும்பாலானது இந்தத் தடிப்பு வித்தியாசம்தான். வளைஞ்ச டிஸ்க் உண்மையில குறைவு.

பெடலில தெரியாதது ஏனெண்டால், இந்தக் காரில சாதாரணமா உங்கட கால் நேரா கலிப்பரை (பாட்டை டிஸ்க்கில அமத்துற பிடி) தள்ளுறதில்லை. பெடல் ஒரு சிமுலேட்டரை, அதாவது பிறேக் மாதிரிக் காலுக்கு உணர்த்திற ஒரு போலி அமைப்பைத்தான் அமத்துது. சில்லுக்குப் போற அழுத்தத்தைப் பம்பும் வால்வுகளும் குடுக்குது. அதால டிஸ்க்கின்ர நடுக்கம் காலுக்குத் திரும்பி வராது. பெடல் சுகமா இருக்கு எண்டு டிஸ்க்கும் சுகம் எண்டு நினைக்க வேண்டாம்.

கறளுக்குக் காரணம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மெதுவாப் பிடிச்சால் மோட்டர்தான் காரை நிப்பாட்டி பற்றறிக்குக் கரண்ட் அனுப்புது. பாட் டிஸ்க்கில அழுந்துறது அநேகமா கடைசி 10 கி.மீ. வேகத்தில, பலமாப் பிடிக்கேக்க, பற்றறி நிரம்பியிருக்கேக்க, அவ்வளவுதான். கடல் உப்புக் காத்தில பூக்கிற கறளை வழிக்க ஆள் இல்லை. பெற்றோல் காரில டிஸ்க் தேஞ்சு சாகும், இதில கறள் பிடிச்சுச் சாகும். அதால கிலோமீற்றர் கணக்கு வைக்காதேங்கோ, கரையோரத்தில வருசத்துக்கு ஒருக்கா கழட்டிச் சுத்தம் செய்யோணும்.

உங்கட பின் உள்முகம் வேற கதை. ஒரு முகம் மட்டும் முழுக்கக் கறள் எண்டால் அந்தப் பக்கத்துப் பாட் நகரேல்லை. பாட்டின்ர ரெண்டு நுனிக் காதும், கலிப்பரைத் தாங்கிற பிராக்கெட்டில ஒரு சின்ன ஸ்டீல் தகட்டுக்கு மேல வழுக்கோணும். தகட்டுக்கு அடியில பிராக்கெட் இரும்பு கறள் பிடிச்சு ஊதும், ஊதினால் தகட்டை மேல தள்ளும், இடைவெளி போய்க் காது இறுகிடும். பின்னுக்கு வாற அழுத்தமே குறைவு. இருக்கிறதும் சிக்கின காதை அசைக்கவே போயிடும். இதைத் திருத்தாமல் புது டிஸ்க் பூட்டினால் அதுவும் இதே கதிதான்.

என்ர தீர்ப்பு: பின் ரெண்டும், பின் பாட்டும் புதுசு. 9இல இருந்து 7.5 எண்டால் மொத்தமே 1.5 மி.மீ.தான், குழி விழுந்த கறளைச் சீவி எடுத்த பிறகு மிச்சம் ஒண்டும் இருக்காது. முன் டிஸ்க் 24க்கு மேல இருந்தால் லேத்தில போடலாம். முகத்துக்கு 0.2, 0.3 மி.மீ.க்கு மேல சீவ விடாதேங்கோ, ரெண்டு முகமும் ஒரே பிடியில சீவோணும். 24க்குக் கீழ எண்டால் லேத்துக் காசு வீண்.

நெகட்டிவ் முனை

வீட்டில செய்யலாம். வில்லங்கம் ரெண்டு இடத்தில.

முதலாவது பம்ப். கதவைத் திறந்தவுடன முன்னால "ஸ்ஸ்" எண்டு ஒரு மோட்டர் ஓடுமே, அதுதான். கார் ஓஃப்பில இருந்தாலும் அது முழிச்சுக்கொள்ளும். கலிப்பர் தொங்கேக்க சிஸ்டம் சுயபரிசோதனை செய்தால் பிஸ்டன் வெளியில வரலாம், இல்லாட்டி பிழைக் கோட் விழுந்து பிறேக் விளக்கு எரியும். அதால P போட்டு ஓஃப் பண்ணி, திறப்பை வீட்டுக்குள்ள வைச்சிட்டு, 12 வோல்ட் பற்றறியின்ர நெகட்டிவைக் கழட்டிப்போட்டுத் தொடங்குங்கோ. பற்றறி பின்னால வலப்பக்கத்தில. பின் கதவு மின்பூட்டு, கரண்ட் இல்லாமல் சாத்தினால் பிறகு திறக்கக் கஷ்டம், திறந்தபடியே விடுங்கோ. வேலை முடியுமட்டும் பெடலில ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது.

ரெண்டாவது பின் பிஸ்டன். பார்க்கிங் பிறேக் அந்தக் கலிப்பருக்குள்ளயே இருக்கு. ஜீ கிளாம்ப் போட்டு அமத்தினால் உள்ளுக்கு இருக்கிற திருகு உடையும், கலிப்பரே போச்சு. வலஞ்சுழியாத் திருப்பித் திருப்பித்தான் உள்ள அனுப்போணும். ரப்பர் உறை சேர்ந்து முறுகுதா எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. கடைசியில பிஸ்டன் முகத்தில இருக்கிற வெட்டு, உள் பாட்டின்ர முதுகில இருக்கிற குமிழுக்கு நேரா நிக்கோணும். குமிழ் வெட்டுக்குள்ள விழாட்டி பாட் சரிஞ்சு தேயும். கனபேர் கோட்டை விடுறது இதிலதான். முன் பிஸ்டன் சாதாரணம், நேரா அமத்தலாம். பிறேக் ஒயில் தாங்கி நிரம்பி வழியாமல் பாருங்கோ. குழாயைக் கழட்டவோ பிளீட் நட்டைத் திறக்கவோ தேவையே இல்லை. இந்தக் காரில காத்துப் புகுந்தால் எடுக்க ஸ்கான் டூல் வேணும்.

பின்னுக்குச் செய்யேக்க பார்க்கிங் பிறேக்கை விட்டு, முன் சில்லுக்குக் கட்டை. முன்னுக்குச் செய்யேக்க P தாங்காது, பூட்டுறது முன் சில்லைத்தான். பார்க்கிங் பிறேக் போட்டுப் பின் சில்லுக்குக் கட்டை. ஸ்டாண்ட் வைக்காமல் ஜாக்கை நம்ப வேண்டாம்.

டிஸ்க் ஹப்பில (சில்லு பூட்டுற நடுப்பகுதி) ஒட்டிக்கொண்டு வராட்டி சுத்தியலால சாத்தாதேங்கோ. முகத்தில ரெண்டு மரைத்துளை இருக்கும். 8 மி.மீ., 1.25 பிச் போல்ட் ரெண்டை மாறி மாறி இறுக்கினால் தானாக் கழரும். பிறகு ஹப் முகத்தைக் கம்பிப் பிரஷ்சால வெறும் இரும்பு தெரியுமட்டும் தேயுங்கோ. அங்க ஒட்டியிருக்கிற ஒரு சின்னக் கறள் செதில், டிஸ்க் விளிம்புக்குப் போகேக்க பெரிசாகி ஆட்டமா வரும். புது டிஸ்க்கில பாதுகாப்பு எண்ணெய் பூசியிருந்தால் பிறேக் கிளீனரால வடிவாத் துடையுங்கோ.

டயல் கேஜ் இருந்தால் டிஸ்க்கை அஞ்சு நட்டாலயும் இறுக்கிச் சுத்திப் பாருங்கோ: ஆட்டம் முன் 0.05 மி.மீ., பின் 0.15க்குள்ள. கூடினால் கழட்டி ஒரு துளை தள்ளிப் பூட்டி மறுபடி அளவுங்கோ, அஞ்சு வாய்ப்பு இருக்கு.

சில்லு நட் 103 நியூட்டன் மீற்றர், நட்சத்திர ஒழுங்கில. ஏர் கன்னால ஒரு நட்டைக் கூட, மற்றதைக் குறைய இறுக்கினால் புது டிஸ்க்கும் ஆடும்.

கரையோரம்

நன்றி அண்ணை. முன் இடம் 24.3, வலம் 24.2. ஆனால் வலத்தில ஒரு இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் 0.04 வித்தியாசம். லேத்தில குடுக்கிறன். ரெண்டு சந்தேகம்: பிராக்கெட்டுக்கும், கலிப்பர் வழுக்கிற பின்னுக்கும் (pin) எந்தக் கிரீஸ்? பூட்டின பிறகு B கியரில ஓடினால் டிஸ்க் சுத்தமாகும் எண்டு ஒருத்தர் சொன்னவர், உண்மையோ?

பதினாலாம் சாவி

B பிழை. B போட்டால் எஞ்சினை இழுத்து வேகம் குறைக்கும், அப்ப பாட்டுக்கு வேலை இன்னும் குறைவு. நீங்கள் தேடுறது N. N இல மோட்டர் கரண்ட் எடுக்காது, பெடல் அமத்தினால் முழுக்க டிஸ்க்கும் பாட்டும்தான்.

புதுசு பூட்டினவுடன பற்றறியைக் கொழுவி, கார் நிக்கேக்கயே பெடல் கெட்டியாகுமட்டும் மெதுவா அமத்துங்கோ. பின் சில்லுக்குப் பார்க்கிங் பிறேக்கையும் ரெண்டு மூண்டு தரம் போட்டு விட்டு, விட்ட பிறகு கலிப்பரில இருக்கிற நெம்பு அதின்ர தடையைத் தொட்டுக்கொண்டு நிக்குதோ எண்டு பாருங்கோ. பிறகு வெறும் றோட்டில, பின்னால வாகனம் இல்லாத நேரத்தில, 50க்கு வந்து N போட்டு நடுத்தரமா 10 வரைக்கும் பிடிச்சு, D போட்டு மறுபடி 50. எட்டுப் பத்துத் தரம். இடையில ஆற விடுங்கோ, சூடான டிஸ்க்கில பாட்டை அமத்திக்கொண்டு நிக்க வேண்டாம். இதைச் செய்யாட்டி ஹைபிரிட்டில பாட் பதியிறதுக்கு மாசக் கணக்காகும், அதுக்குள்ள கறள் முந்திடும். பிறகும் கிழமைக்கு ஒருக்கா, மழைக்குப் பிறகு கட்டாயம், இதே மாதிரி நாலஞ்சு தரம். N இல கன நேரம் ஓடாதேங்கோ, பற்றறி சார்ஜ் ஆகாது.

கிரீஸ்: வழுக்கு பின்னுக்கு ரப்பருக்கு ஒத்த பிறேக் கிரீஸ் மட்டும். சில்லு பேரிங்குக்குப் போடுற மஞ்சள் கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும், மூண்டு மாசத்தில அந்தப் பின் இறுகிடும். நுனியில ரப்பர் உள்ள பின் எந்தத் துளையில இருந்ததோ அதே துளைக்குப் போகோணும். தகட்டைக் கழட்டி அடியில இருக்கிற கறளை அரத்தால எடுங்கோ, கறள்தான், இரும்பை அல்ல. புதுத் தகடு போட்டு, பாட்டை வைச்சால் விரலால தள்ள வழுக்கோணும். வழுக்காட்டி பாட் காதில இருக்கிற பெயின்டைக் கொஞ்சம் சுரண்டலாம்.

கராஜ் பூனை

சாமான் பற்றி ஒண்டு. விளிம்பும் நடுத்தொப்பியும் சாம்பல் பூச்சோட வாற டிஸ்க் கொஞ்சம் விலை கூட, கரையோரக் காருக்கு அந்தக் காசு தகும். வெறும் இரும்பு டிஸ்க்கில முதல் மாரியோட ஓரம் செதில் விடும். ரீகண்டிஷன் டிஸ்க் மலிவாக் கிடைக்குது எண்டு கடையில தருவினம். மைக்ரோமீற்றரோட போங்கோ, பின் டிஸ்க் 8.5க்குக் கீழ எண்டால் வேண்டாம். பாட் வாங்கேக்க தகடும் சேர்ந்த பெட்டி கேளுங்கோ.

பதினாலாம் சாவி சொன்னதில எனக்கு ஒரு மாறுபாடு: 24.2இல 0.04 வித்தியாசம் உள்ளதை லேத்தில குடுக்கலாம், சரி, ஆனால் லேத்துக்குப் போகமுதல் ஹப் முகத்தைச் சுத்தம் செய்து பூட்டி ஆட்டம் அளந்து பாருங்கோ. ஹப் பிழை எண்டால் சீவின டிஸ்க்கும் கொஞ்ச நாளில அதே வித்தியாசத்துக்கு வந்திடும்.

வேலை முடிஞ்சு பம்ப் சத்தத்தையும் கவனியுங்கோ. பெடலைத் தொடாமல் நிக்கேக்க சில செக்கனுக்கு ஒருக்கா பம்ப் ஓடி ஓடி நிண்டால் அது டிஸ்க் வேலையால வந்ததில்லை, அழுத்தம் உள்ளுக்க கசியுது. C1391 கோட் இருக்கா எண்டு ஸ்கான் பண்ணுங்கோ, தள்ளிப் போடாதேங்கோ.