மறு: வீட்டு மதிப்பை உயர்த்துவதற்கு என்ன சொல்? ‘மதிப்புத் துலக்கல்’ பொருந்தும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும் நண்பர் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். மதுரையில் வங்கிகளுக்காக வீடு, மனைகளுக்கு மதிப்புப் போடும் பொறியாளர் நான். நாளெல்லாம் புழங்குகிற விஷயம் என்பதால் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

> விற்கும் முன்போ கடனை மாற்றும் முன்போ வீட்டின் அப்ரைசல் வேல்யூவை (மதிப்பீட்டாளர் பார்த்துப் போடும் மதிப்பை) கூட்டுவதற்கு ‘மதிப்பீட்டு உயர்த்தல்’ என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. ‘மதிப்பீடு’ ஏற்கெனவே தாங்க முடியாத சுமையைச் சுமக்கிறது. கட்டப்போகிற பாலத்துக்கு ஆகும் செலவும் மதிப்பீடு, பள்ளிப் பிள்ளையின் தேர்ச்சியைப் பார்ப்பதும் மதிப்பீடு. அப்ரைசர் என்றாலோ எங்கள் ஊரில் நகைக்கடன் மேசைக்குப் பக்கத்தில் உரைகல்லோடு உட்கார்ந்திருப்பவர்தான் நினைவுக்கு வருவார். வீட்டுக்கு வருகிற என்னை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘பேங்க் இன்ஜினியர் வந்துட்டுப் போனாரு’ என்பார்கள். அடுத்த கேள்வி, ‘எவ்வளவு போட்டாரு?’

அந்தப் ‘போட்டாரு’வில்தான் ‘உயர்த்தல்’ எனக்கு உறுத்துகிறது. மதிப்பை உயர்த்துவது, ஏற்றுவது என்றால் மக்கள் காதில் ‘ஏத்திப் போடுறது’ என்றே விழும். இல்லாத மதிப்பை இருப்பதாக எழுதுவது அது. நீங்கள் மொழிபெயர்க்கிற அமெரிக்கக் கட்டுரை சொல்வது நேர்மையான வேலையை: ஒழுகலை அடைப்பது, செய்த பழுதுபார்ப்புக்கு ரசீது எடுத்து வைப்பது, பக்கத்தில் அண்மையில் விலைபோன வீடுகளின் விவரத்தைத் திரட்டித் தருவது. இதற்குப் போய் குற்றத்தின் வாடை அடிக்கிற சொல்லைக் கொடுக்கலாமா?

ஒரு வீட்டைச் சொல்கிறேன். கோச்சடைப் பக்கம், மூன்று செண்டில் கீழே ஒரு வீடு, மாடியில் ஒரு பாகம். வீட்டுக்கார அம்மா நான் வருவதற்கு முந்தின வாரமே முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார். வாசலில் வாடை இன்னும் போகவில்லை. காபியைக் கையில் கொடுத்துவிட்டு, “பாத்து ஏத்திப் போடுங்க தம்பி” என்றார். அவர் கேட்டதில் சூது எதுவும் இல்லை, அவருக்குத் தெரிந்த சொல் அதுதான்.

பெயிண்டால் என் கணக்கில் பெரிதாக எதுவும் மாறாது. கான்கிரீட் வீட்டுக்கு ஆயுள் 60 வருஷம், கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று பிடித்தால், 20 வருஷ வீட்டில் 30 சதவீதம் தேய்மானம் கழியும். புதுச் சாயம் பூசிய சுவருக்கும் அதே கழிவுதான். ஆனால் மாடி வேறு விஷயம். அவர் எடுத்துக் கொடுத்த வரைபடத்தில் கீழ்த்தளம் மட்டும்தான் இருந்தது. அனுமதி இல்லாத மாடியை வங்கிக்கான அறிக்கையில் நான் சேர்க்க முடியாது. அதைச் சொன்னதும் அந்த அம்மா முகம் வாடிவிட்டது. பிறகு எதையோ நினைத்தவராகப் பீரோவின் மேல் தட்டிலிருந்து ஒரு மஞ்சப்பையை இறக்கினார். உள்ளே கணவர் காலத்து ரசீதுகள், அவற்றுக்கு அடியில் நாடாவால் கட்டிய ஒரு நீலத் தாள். மடிப்புகளில் ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. விரித்தால் மாடிக்கான வரைபடம், மூலையில் அனுமதி முத்திரையும் எண்ணும் தெளிவாக இருந்தன. டேப்பைப் பிடித்து அளந்தேன். வரைபடமும் மாடியும் ஒத்துப்போயின. மாடி முழுவதும் கணக்கில் ஏறியது.

அந்த வீட்டில் அன்று புதிதாக ஒரு செங்கல் சேரவில்லை. இருந்த மதிப்புதான் கண்ணுக்குத் தெரிந்தது. புளி போட்டுத் துலக்கினால் பித்தளைக் குடத்தின் எடை கூடாது, ஆனால் அது பித்தளை என்பது தெரியும். துலக்குதல் என்ற சொல்லில் தேய்த்து விளக்குவதும் இருக்கிறது, தெளிவாக்குவதும் இருக்கிறது. அதனால் ‘மதிப்புத் துலக்கல்’ என்று முன்மொழிகிறேன். பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றுவது, வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் எடுத்து வைப்பது, சொத்து வரி பாக்கியைக் கட்டுவது, மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்வது எல்லாம் இதற்குள் வரும். புதிதாக ஒரு அறை கட்டினால் அது துலக்கல் ஆகாது. அதற்கு ‘மதிப்புக் கூட்டல்’ இருக்கிறது. மாவரைத்து விற்கிற மகளிர் குழுக்கள் வரை பழகிவிட்ட சொல் அது.

அடுத்தது, வங்கிக்காகப் போடுகிற அந்த மதிப்புக்கு என்ன பெயர்? ‘மதிப்பீட்டு மதிப்பு’ நாக்கில் தட்டுகிறது. ‘ஈட்டு மதிப்பு’ என்றார் ஒரு நண்பர். ஈடு வைப்பது அழகான பழைய வழக்குதான், ஆனால் விற்கிறவர் வீட்டை யாரிடமும் ஈடு வைக்கவில்லையே. நான் ‘இடுமதிப்பு’ என்கிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை. மக்களின் ‘போட்ட மதிப்பு’ அப்படியே இதற்குள் இருக்கிறது. இடுகாடு நினைவுக்கு வருகிறது என்று யாராவது தயங்கலாம். வேளாண்மை அலுவலகத்தில் ‘இடுபொருள்’ என்ற சொல்லை விவசாயிகள் தினமும் கேட்கிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை.

தனிச்சொல் கட்டாயம் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் வழிகாட்டி மதிப்பு. பத்திரப்பதிவுக்காக அரசு வைக்கிற தொகை அது. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். அதற்காக யாரும் தங்கள் வீட்டை மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்து விற்கவில்லை. மூன்று மதிப்புகளையும் ஒரே சொல்லால் எழுதினால் படிக்கிறவர் குழம்பிவிடுவார். அரசு வைப்பது வழிகாட்டி மதிப்பு, வாங்குகிறவர் கொடுக்கச் சம்மதிப்பது சந்தை விலை, பொறியாளர் வந்து பார்த்துப் போடுவது இடுமதிப்பு.

ரீஃபைனான்சுக்கு ‘மறுநிதியளிப்பு’ பொருந்தாது. அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு தேசிய வீட்டுவசதி வங்கி கொடுப்பதும், விவசாயக் கடன் தரும் வங்கிகளுக்கு நபார்டு என்ற தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி கொடுப்பதும் அதுதான். இங்கே நடப்பது ஒரு வங்கிக் கடனை அடைத்து இன்னொன்றில் வைப்பது. ‘கடன் மாற்றம்’ போதும். கூடவே அதே வீட்டின் பேரில் கூடுதலாக வாங்குகிற டாப்-அப் கடனுக்கு ‘மேல்கடன்’.

எனக்கே விடை கிடைக்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. விலை 60 லட்சம் என்று பேசி அட்வான்சும் கொடுத்தாயிற்று. பொறியாளர் போட்டது 52 லட்சம். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் என்றால், மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 48 லட்சம் வரும் என்று எண்ணியிருந்தவருக்கு 41 லட்சத்து 60 ஆயிரம்தான் வரும். பேசின விலைக்கும் இடுமதிப்புக்கும் நடுவில் விழுகிற அந்த 8 லட்சத்துக்கு அமெரிக்கக் கட்டுரைகளில் தனிப் பெயர் உண்டு. இங்கே ‘வேல்யூ பத்தலை, கைக்காசு போடணும்’ என்கிறார்கள். ‘மதிப்புக்குறை’ என்று வைத்துப் பார்த்தேன், வீட்டில் ஏதோ குறை இருப்பது போலத் தொனிக்கிறது. ‘மதிப்பிடைவெளி’ சரியாக இருக்குமா? தஞ்சை, நெல்லைப் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து