ஏரிக்கரை வசூல்: கல்வெட்டுக்கு முன்னால் கரையைப் பாருங்கள்

மஸ்கட், கீழத்தெரு:

அனைவருக்கும் வணக்கம். நம் ஊர் ஏரிக்கு என்று, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் சங்கத்துக்காகத் தலைக்கு பத்தாயிரம் ரூபாய் கேட்டு சிங்கப்பூர் சித்தப்பா இந்தக் குழுவில் போட்ட மடலைப் படித்தேன். பணம் தர எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெரிய மதகுக்குச் சிமெண்ட் பூசி, வெள்ளையடித்து, பக்கத்தில் சங்கத்தின் பேரில் கல்வெட்டு நடுவதற்கு என்றால் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன்.

லீவில் போயிருக்கும் அத்தை மகன் கரைமேல் நடந்துவிட்டு வந்து எனக்கு வீடியோ அனுப்பினான். ஏரி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. பெரிய மதகுக்கு வடக்கே, கரையின் வெளிப்பக்க அடியில், அந்த ரெட்டைப் பனைக்குக் கீழே தண்ணீர் கொப்பளிக்கிறது. உள்ளங்கை அகலம்தான். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஊற்றைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி வட்டமாக நைஸ் மண் படிந்திருக்கிறது. எனக்குத் தூக்கம் போனது அந்த மண்ணைப் பார்த்துத்தான்.

மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணீர் வருகிறது, அளவும் கூடவில்லை என்றால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கதை வேறு. கரைக்குள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அரிக்க அரிக்க வழி பெரிதாகும், வழி பெரிதானால் தண்ணீரின் வேகம் கூடும். மேலே நடந்து போகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு நாள் கரை உட்கார்ந்துவிடும்.

ஊரில் யாரோ களிமண் கொட்டி அடைக்கலாம் என்றார்களாம். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். வாயை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே அழுத்தம் கூடி, பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும். ஊற்றின் மேல் முதலில் ஆற்று மணல், அதன்மேல் சல்லி, அதற்கும் மேல் கருங்கல் போட வேண்டும். தண்ணீர் வெளியே வரட்டும், மண் வரக் கூடாது. சுற்றி மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்க விட்டால் வேகமும் குறையும். இது அவசரத்துக்குத்தான். கோடையில் ஏரி வற்றியதும் கரையை முறையாகப் பலப்படுத்த வேண்டும். கரையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தையும் அப்போதுதான் வேரோடு எடுக்க வேண்டும். இப்போது மேலே வெட்டிவிட்டு விட்டால், வேர் மக்கிய இடத்தில் தண்ணீருக்குப் புது வழி கிடைத்துவிடும்.

"அறுபது எழுபது வருஷமாக நிற்கிறது, இனிமேலா போகப் போகிறது" என்று மேலத்தெருப் பெரியப்பா எழுதியிருந்தார். திருச்சி பக்கம் முக்கொம்பு மேலணை 1836-இல் தொடங்கிக் கட்டியது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடம் பக்கத்து 45 மதகில் 9 மதகு ஆற்றோடு போயின. நம் பக்கத்திலேயே, தென்பெண்ணையில் 1950 வாக்கில் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பரில் உடைந்தது. சரி, பழசு என்பதால் போனது என்பீர்கள். சுமார் 25 கோடியில் கட்டிய தளவானூர் தடுப்பணை திறந்த சில மாதத்திலேயே, 2021 ஜனவரியில் கரையோரத்தில் பிய்த்துக்கொண்டது. வயசை மட்டும் எண்ணிக்கொண்டிருந்து பயனில்லை, போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் நமக்கு இல்லை. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி பருவமழைக்கு முன்னும் பின்னும் கட்டாய ஆய்வு உண்டு. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றுக்கும்தான். தென்பெண்ணையின் சாத்தனூர் அணை அதில் வரும், நம் ஏரி வராது. 2024 டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூரில் 1.68 லட்சம் கன அடி திறந்தபோது முன்கூட்டிச் சொன்னார்களா இல்லையா என்று சட்டசபை வரை சண்டை போனது. நம் ஏரி உடைந்தால் கீழே இருக்கும் காலனிக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்பதால் ஏரி நீர்வளத்துறையுடையது. அனுமதி இல்லாமல் மதகில் நாம் கை வைக்கவே முடியாது. மனு எழுதி வைத்திருக்கிறேன். வீடியோவோடு உதவிப் பொறியாளருக்கு ஒன்று, கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒன்று. சங்கப் பணத்தில் இப்போதைக்கு மணல், சல்லி, சாக்கு, ராத்திரி காவலுக்கு இரண்டு பேர் கூலி. அவ்வளவுதான் தேவை.

சிங்கப்பூர், வடக்குத்தெரு:

தம்பி, நீ சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்வெட்டைப் பற்றி அப்படி எழுதியது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வரத்து வாய்க்காலுக்கு நிலம் விட்டது எங்கள் தாத்தா. அவர் பேர் அந்த ஊரில் ஒரு கல்லில்கூட இல்லை. ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழியும் கோடி போகிற அன்றைக்குப் பள்ளிக்கூடமே காலியாகும், வேட்டியை விரித்துக் கெண்டை பிடித்தவர்கள் இந்தக் குழுவிலேயே பாதிப் பேர்.

அந்தக் கோடியை ஒன்றரை அடி உயர்த்திச் சுவர் வைத்தது யார்? உங்கள் அப்பா தலைவராக இருந்தபோது. கீழ்மடைக்காரர்கள் மூன்றாம் போகம் வைக்கக் கூடுதல் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார்கள், அவரும் தலையாட்டினார். அன்றைக்கு எங்கள் அண்ணன் ஒருவர்தான் எதிர்த்துப் பேசினார், அவரைப் பஞ்சாயத்தில் உட்கார வைத்து அவமானப்படுத்தினீர்கள். அதையும் மனுவில் எழுது.

குவைத், மேலத்தெரு:

அக்கா எழுதுகிறேன். 2015 வெள்ளத்துக்கு வசூல் செய்ததில் மீதி எங்கே என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. கும்பாபிஷேகத்துக்கு மாற்றினோம் என்றார்கள், கும்பாபிஷேகக் கணக்கில் அந்த வரவே இல்லை. அந்த இரண்டு கணக்கும் இங்கே வராமல் சங்கக் கணக்கில் நான் பணம் போட மாட்டேன். மணல், சல்லிக்கு என் பங்கை நேராக அத்தை மகனுக்கு அனுப்பிவிட்டேன். லோடு ரசீதைப் போட்டோ எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

மஸ்கட், கீழத்தெரு:

சித்தப்பா, கோடிச் சுவரை மனுவில் சேர்த்துவிட்டேன், அப்பா காலத்தில் வைத்தது என்றே எழுதியிருக்கிறேன். கோடி உயர்ந்தால் கரை உச்சிக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி அந்த அளவு குறையும். கனமழையில் தண்ணீர் மண் கரைமேல் ஏறி வழிந்தால் சில மணி நேரத்திலேயே கரையை அறுத்துவிடும். உங்கள் அண்ணன் அன்றைக்குச் சொன்னதும் இதைத்தான். அவர் கையெழுத்து மனுவில் முதலாவதாக இருக்க வேண்டும். நீங்களே அவருக்குப் போன் போடுங்கள், நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்.

அக்கா, ரசீது வந்துவிட்டது, கீழே இணைத்திருக்கிறேன். இன்று சாயங்காலம் மணலும் சல்லியும் போட்டாயிற்று, தண்ணீர் இன்னும் லேசாகக் கலங்கித்தான் வருகிறது. ராத்திரிக் காவலுக்கு ஒருவர்தான் கிடைத்திருக்கிறார். ஊரில் பையன்கள் இருப்பவர்கள் இன்றைக்கே எழுதுங்கள். காலனியில் யாருக்குப் போன் செய்து எழுப்புவது என்று நம்பர்களும் வேண்டும்.