சலைன் ஏற்றினால் எழுந்துவிடுவாள்

எங்கள் நாய் மினிக்கு அப்போது நாலு வயது. இரண்டு நாள் சாப்பிட மாட்டாள், வாந்தி எடுப்பாள், மூலையில் சுருண்டு நடுங்குவாள். டாக்டர் சலைன் ஏற்றுவார். மறுநாளே ஒன்றும் நடக்காதது போல வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். "கண்டதைத் தின்றிருக்கும்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். ஐந்து மாதத்தில் நாலு முறை இப்படி. சலைனில் தேறிவிடுகிறாளே என்று யாரும் மேற்கொண்டு துருவவில்லை, நானும்தான்.

ஐந்தாம் முறை எழவே முடியவில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்ததைப் பார்த்து, சிறுநீரகம் போய்விட்டது என்று ஓரிடத்தில் கைவிரித்துவிட்டார்கள். இன்னொரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்படித் துவண்டு கிடக்கும் நாய்க்கு இதயம் படபடவென்று அடிக்க வேண்டும், இவளுக்கு மெதுவாக அடிக்கிறதே என்றார். ரத்தத்தில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்து வரும் எண் 27க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டுமாம். மினிக்கு 19.

அடிசன் நோய். சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பிகள், உடல் நெருக்கடியைச் சமாளிக்க உதவும் கார்டிசோலையும், உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோனையும் சுரக்கவில்லை. சலைன் என்பதே உப்புத் தண்ணீர்தானே! அவள் ஏன் ஒவ்வொரு முறையும் எழுந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

உறுதிசெய்ய, அட்ரீனலைத் தூண்டிவிடும் ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ஊசியில் போட்டு, அதற்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் கார்டிசோல் பார்த்தார்கள். இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமைத் தொடவில்லை. ஒன்று கவனியுங்கள்: பரிசோதனைக்கு முன், கார்டிசோலுக்குப் பதிலாகத் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் அதையும் கார்டிசோல் என்றே காட்டிவிடக்கூடும். அவசரத்துக்கு, அப்படிக் குழப்பாத டெக்ஸாமெத்தசோன் என்ற வேறு ஸ்டீராய்டைப் போடுவது அதனால்தான்.

இப்போது ஆல்டோஸ்டீரோனின் வேலையைச் செய்ய மாதம் ஒரு டிஓசிபி ஊசி, தினமும் துளி பிரெட்னிசோலோன். ஆரம்பத்தில் பிரெட்னிசோலோன் அளவு கூடிப்போய், தண்ணீராகக் குடித்து வீடெல்லாம் நனைத்தாள். டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். பயணம், விருந்தாளிகள் என்றால் அன்று மட்டும் அவர் சொன்னபடி பிரெட்னிசோலோன் இரட்டிப்பு. வீடு மாறிய அன்று மறந்துவிட்டேன், சாயங்காலமே நடுக்கம் வந்துவிட்டது.

போன மாதம் திடீரென்று வாந்தி. அலறியடித்துக்கொண்டு ரத்தம் பார்த்தோம். பொட்டாசியம் கச்சிதமாக இருந்தது. என் சாக்ஸைத் தின்றிருந்தாள்.